ஓய்வில் போட்ட பெட்டி

சர்வேயர் சாருக்கு,

இன்று காலையில் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை இறக்கினோம். பரணில் கிடந்த பச்சைப் பிளாஸ்டிக் டப்பாவை மருமகள் எடுத்து மூடியைத் திறந்தாள். பழைய புகையிலை வாடை அடித்தது. அதற்கும் அடியில் பாறைப் பாசியின் வாடை, இத்தனை வருஷம் கழித்தும். "இதத் தூக்கிப் போட்டுறவா மாமா?" என்று கேட்டாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நாலு பக்கமும் கொண்டி மடக்கிப் பூட்டுகிற டப்பா. ஒரு கொண்டி போய்விட்டது. மூடிமேல் உங்கள் மகன் ஒட்டிய வெள்ளைத் தாள் பாதி உரிந்தபடி இன்னும் இருக்கிறது.

ஆமாம் சார். நீங்கள் தேடியது இதைத்தான். ஏழு தடவை உங்களோடு மலையேறித் தேடினேன். ஏழு தடவையும் இது என் வீட்டுப் பரணில்தான் இருந்தது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது நீங்கள் அறிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி, படிக்கிற மாதிரி போடுகிறாள். மேலே உள்ள வரியைச் சொன்னபோது பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது தாளில் சொல்கிறேன்.

உங்களைப் பார்ப்பதற்கு மூன்று வருஷம் முந்தி நடந்தது. அப்போது போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் வாட்சர். தோட்டத்தின் மேல் எல்லையில் இரண்டு பாறைகள் தோளோடு தோள் சாய்ந்து நிற்குமே, அந்த இடம்தான். காய் திருடுகிறவர்கள் பறித்ததைப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்துவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்துப் போவார்கள். அதனால் இடுக்கைக் கண்டால் கையை விட்டுப் பார்ப்பது என் சோலி. அன்று சப்பட்டைக் கல் ஒன்று இடுக்கை மறைத்திருந்தது. தானாக விழுந்த கல் அப்படி உட்காராது. நகர்த்தினேன், டப்பா இருந்தது. திருட்டுக் காய் அகப்பட்டது என்று சந்தோஷமாகத் திறந்தேன். காய் இல்லை. பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய ஒரு நோட்டு, கட்டைப் பென்சில், பொம்மை ஜீப்பு ஒன்று, இரண்டு கோலிக்குண்டு.

ஆடி மாதச் சாரல். மூன்று நாளாக விடவில்லை. ஷெட்டுக்குத் திரும்பினால் களையெடுக்க வந்த ஒன்பது பொம்பளைகள் நனைந்து விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். விறகெல்லாம் ஈரம். தீப்பெட்டியில் இருந்ததே நாலு குச்சி, அதில் இரண்டு நமத்துப் போய்விட்டது. அவர்களில் ஒருத்தி, பேச்சியம்மா, என் கையைப் பார்த்தாள். "என்னண்ணே, காஞ்ச நோட்ட கையில வச்சுக்கிட்டு வேடிக்க பாக்குறீக?" என்றாள். அந்த மலையில் அன்று காய்ந்த காகிதம் அது ஒன்றுதான் சார்.

ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன். படிக்கத் தெரியாதவனுக்கு எழுதிய தாளும் எழுதாத தாளும் ஒன்றுதான், ஆனாலும் ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைத்தேன். முதல் தாளில் எழுத்துக்கு நடுவில் ஒரு படம் இருந்தது. அக்குளில் குடை இடுக்கிய ஓர் ஆள். தொப்பைக்கு மேலே ஏற்றிக் கட்டிய கால்சட்டை, பிரஷ் மாதிரி மீசை, கையில் நிலம் அளக்கிற சங்கிலி. பேச்சியம்மா எட்டிப் பார்த்து, "தாசில்தாரு வந்துட்டாரு, எந்திரிங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தாளும் போயிற்று. விறகு பிடித்துக்கொண்டது. பத்துப் பேர் சூடாக டீ குடித்தோம். பொம்மை ஜீப்பைப் பேச்சியம்மா பேத்திக்கென்று முந்தியில் முடிந்துகொண்டாள். டப்பா ஈரம் புகாத டப்பாவாக இருந்ததால் புகையிலை வைக்க எனக்கு ஆயிற்று. அதோடு மறந்துவிட்டேன்.

பிறகு தோட்டத்தின் மேல்பகுதி வனத்துறைக்குப் போயிற்று. எனக்கும் வேலை போயிற்று. போடிக்கு இறங்கி வந்து, காலையில் ஜீப்பு நிற்கிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தச் சரிவு தெரிந்த ஆள் யார் என்று விசாரித்துக்கொண்டு வந்தீர்கள். அக்குளில் குடை. தொப்பைக்கு மேலே கால்சட்டை. இந்த ஆளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று எனக்கு அப்போதே ஒரு குறுகுறுப்பு. எங்கே என்று பிடிபடவில்லை.

டீக்கடையில் வைத்து விளக்கினீர்கள். இங்கிலீஷில் ஜியோகேச்சிங் என்றீர்கள். என் வாயில் நுழையாததால் நான் கடைசிவரை பொட்டி விளையாட்டு என்றுதான் சொன்னேன். ஒருவன் பெட்டியை ஒளித்துவிட்டு இடத்தின் கணக்கைப் போனில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போடுவான். தேடி எடுத்தவன் உள்ளே இருக்கிற நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு சாமானை எடுத்தால் ஒரு சாமான் வைக்க வேண்டும். இருந்த இடத்தில் இருந்தபடியே பெட்டியைத் திருப்பி வைக்க வேண்டும். உங்கள் மகன் இந்தப் பக்கத்தில் மூன்று பெட்டி வைத்திருந்தான். அவன் மெட்டு வளைவில் பைக்கோடு போன பிறகுதான் அவன் போனில் இதையெல்லாம் பார்த்தீர்கள். தேவாரம் பக்கம் ஒன்று, போடியிலேயே ஒன்று, இரண்டையும் நீங்களே தேடி எடுத்துவிட்டீர்கள். மூன்றாவதுதான் பாக்கி. அந்த இடம் வனத்துறைக்குப் போய்விட்டதால், விளையாட்டை நடத்துகிறவர்கள் அந்தப் பெட்டியை ஓய்வில் போட்டுவிட்டார்கள்.

"என்னைய மாதிரி அதுக்கும் ரிட்டயர்மென்ட்" என்று சிரித்தீர்கள். ஓய்வில் போட்டதை யாரும் தேடக்கூடாதாம், அது விதியாம். அப்புறம் நீங்கள் ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"ஓய்வுல போட்ட பொட்டிய, வச்சவனே போயி எடுத்துறணும். அதுவும் விதிதான். வச்சவன் இல்லைல்ல. அப்ப அவன் அப்பன்தான எடுக்கணும்?"

பாறை இடுக்கு, பச்சை டப்பா, உள்ளே நோட்டு, முதல் பக்கத்தில் ஏதோ எழுதி வைத்திருக்கிறானாம் என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். எனக்கு டீ புரையேறிவிட்டது. நீங்கள் என் தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க பெரியவரே" என்றீர்கள்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். எரித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மகன் செத்த மனுஷனிடம், அவன் எழுத்தை வைத்து டீ போட்டுக் குடித்தோம் என்று எந்த வாயால் சொல்வது? முதலில் ஒரு நடை கூடப் போவோம், ஏறுகிற வழியில் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போனோம். சொல்லவில்லை. இறங்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். இறங்கும்போது நீங்கள் என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டீர்கள்.

வனத்துறை போர்டை நீங்கள் கடக்கும் அழகை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஒவ்வொரு தடவையும் அதன் முன்னால் நின்று, அனுமதியின்றி உள்ளே நுழைவது தண்டனைக்குரியது என்று எனக்குக் கேட்கும்படி முழுசாக வாசிப்பீர்கள். வாசித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே நுழைவீர்கள். வேலையில் இருந்தவரை ஒரு சாண் நிலத்தை மாற்றி அளக்காதவர். ஒரு தடவை பாரஸ்ட் கார்டு ஒருவர் மறித்தபோது, தப்பு என்ன, எங்கே நுழைந்தோம், எந்நேரம் என்று நீங்களே அடுக்கினீர்கள். அவர் தலையைச் சொறிந்தார். "சார், நீங்களே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா நான் என்னத்தக் கேக்க? ஆன நிக்குது, வெரசா எறங்குங்க" என்றார். நீங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தீர்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் போன் பொய் சொல்லவில்லை சார். இரண்டாவது தடவையே சரியான இடுக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அந்தச் சப்பட்டைக் கல்லும் நான் நகர்த்திப் போட்ட இடத்திலேயே கிடந்தது. தோள்வரை கையை விட்டுத் துழாவினீர்கள். வெறும் கையைப் பார்த்தீர்கள். நான்தான் வாயைத் திறந்து, "கொரங்கு தூக்கிட்டுப் போயி கீழ போட்டுருக்கும் சார்" என்றேன். அந்த ஒரு பேச்சுக்காக இன்னும் ஐந்து தடவை, அறுபது வயசைத் தாண்டிய மனுஷன், சரிவில் செடி செடியாக விலக்கிப் பார்த்தீர்கள். நானும் கூட விலக்கினேன். இல்லாத இடம் என்று தெரிந்தே குனிந்து குனிந்து தேடினேன்.

முதலில் வாயைக் கட்டியது வெட்கம். பிறகு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி போன பிறகு எனக்கென்று ஒருவர் வந்து காத்து நின்றது நீங்கள் ஒருவர்தான். சனிக்கிழமை வந்தால் விடியுமுன்னே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வேன். மெட்டில் சேட்டன் கடையில் பருப்புவடை, ஜீப்பில் முன்சீட்டு, வழியெல்லாம் பேச்சு. பெட்டி கிடைத்துவிட்டால் நீங்கள் வருவது நின்றுவிடும். கிடைக்காது என்று தெரிந்துவிட்டாலும் நின்றுவிடும். அதனால் கிடைக்கும் கிடைக்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது தடவை என்று நினைக்கிறேன். இல்லை, ஐந்தாவதுதான், உங்கள் செருப்பு வார் அறுந்த நாள் அது. இரட்டைப் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். கீழே போடி வெயிலில் பளபளத்தது. கேட்காமலே சொன்னீர்கள்.

"வேலவெட்டி இல்லாம மலையில டப்பா ஒளிச்சுக்கிட்டுத் திரியிறியான்னு கேட்டுட்டேண்ணே. அதுக்கப்பறம் ஒரு வருசம் அவன் மொகத்தப் பாத்துப் பேசல. அவன் பேச வந்தான். நாந்தான் பேசல. இந்த மூணாவது பொட்டிய அந்த வருசத்துலதான் வச்சிருக்கான். கோவத்தோடயே போயிட்டானான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அப்போதுதான் எனக்கு அந்தப் படம் நினைவில் வந்து நின்றது. குடை, கால்சட்டை, மீசை, சங்கிலி. எங்கோ பார்த்த ஆள் என்று அத்தனை நாள் குறுகுறுத்தது அதுதான். மீசையை ஒவ்வொரு முடியாக இழுத்து இழுத்துப் போட்டிருந்தான் சார். குடைக் கம்பியின் வளைவுகூட விடவில்லை. கோபக்காரப் பிள்ளை தகப்பனை அவ்வளவு நேரம் உட்கார்ந்து வரைவானா? உங்களுக்கு வேண்டிய பதில் முழுசும் என்னிடம் இருந்தது. நோட்டு எரிந்தால் என்ன, பார்த்த கண் என்னுடையதுதானே. அவன் உங்களை வரைந்து வைத்திருந்தான் என்று ஒரு பேச்சு சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் எங்கே பார்த்தாய் என்று கேட்பீர்கள்.

"வெயில் ஏறுது சார், எறங்குவோம்" என்றேன்.

இதை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நோட்டை எரித்தது தெரியாமல் செய்தது. பாறைமேல் வாயை மூடிக்கொண்டது தெரிந்து செய்தது.

ஏழாவது தடவை இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு உங்களைக் கட்டிலில்தான் பார்த்தேன். உங்கள் வீட்டு அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். நீங்கள் என்னைக் கிட்டத்தில் வரச்சொன்னீர்கள்.

"இனி என்னால ஏற முடியாதுண்ணே. நீங்க பாத்துக்கிட்டே இருங்க. கெடச்சா நோட்டுல என் பேர எழுதிருங்க. யாரு தேடுனான்னு அவன் நோட்டுல இருக்கணும்."

"எனக்குத்தான் எழுத்தே தெரியாதே சார்."

மருந்துச் சீட்டைத் திருப்பி அதன் முதுகில் உங்கள் பெயரைப் பெரிசாக எழுதினீர்கள். என் கையில் பேனாவைக் கொடுத்து அதன் மேலேயே போகச் சொன்னீர்கள். நாலு எழுத்து. முதல் எழுத்தில் சுழி எந்தப் பக்கம் என்று எனக்கு மூன்று தடவை குழம்பியது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தீர்கள். "தப்பாப் போட்டாலும் நாந்தான்னு அவனுக்குத் தெரியும்" என்றீர்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். எட்டாம் நாள் உங்கள் வீட்டு வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

எழுதிக்கொண்டிருக்கிற மருமகள் இப்போது என்னைத் திட்டிவிட்டாள். திட்டிவிட்டு, "அந்தம்மா இருக்காங்கள்ல மாமா. புள்ள அப்பாவ வரைஞ்சு வச்சிருந்தான்னு அவங்களுக்காவது தெரியணும்ல" என்றாள். நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டுக்குப் போகிறோம். அவள் இதைப் படித்துக் காட்டுவாள். படிக்கும்போது வெளியே போய் நிற்கமாட்டேன். எதிரில் உட்கார்ந்திருப்பேன். அம்மா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

இந்த இரண்டு வருஷத்தில் ஒரு காரியம் மட்டும் விடாமல் செய்திருக்கிறேன். அடுப்புக்கரி அகப்பட்டால் சுவரில், குச்சி அகப்பட்டால் மண்ணில், உங்கள் பெயரை எழுதிப் பார்ப்பேன். இப்போது சீட்டைப் பார்க்காமலே வருகிறது. சுழி பக்கம் மாறுவதில்லை. எழுதிவிட்டு அழித்துவிடுவேன்.

கடிதத்தின் அடியில் என் பெயரை அவளே போடவா, இல்லை நான் கைநாட்டு வைக்கிறேனா என்று மருமகள் கேட்கிறாள். பேனாவை வாங்கிக்கொண்டேன். என் பெயரை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது சார். எனக்குத் தெரிந்த நாலு எழுத்தைத்தான் போடப்போகிறேன்.