தெரேசுக்குச் செய்த துணிப்பெட்டி

சேசு மரி சூசை துணை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
1934, ஒக்தோபர் மாதம்

சைகோனில் இருக்கும் தங்கை மதலேனுக்கு அக்காள் சவேரியம்மாள் எழுதிக்கொண்டது. நானும் உன் மாமாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் கரை சேர்ந்ததை ஊரார் வாயால் கேட்டுக்கொண்டேன். "அன்புள்ள" என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் மாமாவுக்கு முழங்கால் வலி; ஆனாலும் கிடங்கு வேலைக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமிக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஏறி நெசவு நிற்கிறது. வேலையில்லாததால் எந்நேரமும் என் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சும்மாத்தானக்கா கெடக்குது, எம் பொண்ணுக்கு மாசமாச்சே, குடேன்" என்று கேட்டாள். வாய் திறந்து இல்லை என்று சொல்ல முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

எந்தப் பெட்டி என்று நீ கேட்டாலும் கேட்பாய். இவ்வளவும் செய்தவள் அதையும் கேட்கமாட்டாயா?

உனக்கு மூன்றாவது உண்டானபோது நான் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நீயாகத்தான் குருசுக்குப்பத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தாய். மோர் குடித்தாய். "இது ஒனக்குக்கா. ஆணோ பொண்ணோ, நீயே வளத்துக்கோ. எனக்குத்தான் ரெண்டு இருக்குதே" என்றாய். உன் மாமா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாளே கிடங்கிலிருந்து சாராயப் புட்டிகள் வந்த பலகைப் பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மனுஷனுக்கு அவ்வளவு அவசரம்! அதை நிமிர்த்தி வைத்து நடுவில் பலகை அடித்தார். பிஸ்கோத்து வந்த அட்டைப் பெட்டிகளையும் சப்பாத்து வந்த அட்டைப் பெட்டிகளையும் அளவு பார்த்து உள்ளே இழுப்பறைகளாகச் செருகினோம். ஒன்றில் சட்டை, ஒன்றில் இடுப்புத்துணி, ஒன்றில் பவுடர், சீப்பு, சாம்பிராணி என்று நீதான் பிரித்துச் சொன்னாய். வெள்ளைக்காரர் தெருவுக்குத் தைக்கிற கோவிந்தராசு கடையில் நான் போய் நின்றால் வெட்டுத்துண்டு தரமாட்டார், முறைப்பார். நீ போய்ச் சிரித்தால் கூடை நிறைய வரும். பூப்போட்ட சீட்டி, வெல்வெட்டு, லேசு என்று எத்தனை! புளியங்கொட்டைப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடச் சொன்னார்கள். அது விஷமாயிற்றே, குழந்தை வாயில் வைத்துவிடுமே என்று போடாமல், பூச்சி வந்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்தவள் நீ. சுருக்கம் விழாமல் தேய்த்தவளும் நீதான்.

உள்ளே ஒட்ட ஒரு கல்யாணக் கவுன் தைத்த மிச்சம் கிடைத்தது. பட்டு மாதிரிப் பளபளக்கிற வெள்ளைச் சட்டீன் துணி. ஓரமெல்லாம் சுருக்கு வைத்து லேசு தைத்தேன். இவ்வளவு அழகாக ஒரு சாமான் இந்தத் தெருவில் எவள் வீட்டிலும் இல்லை என்று எனக்குத் தலைக்கனம். அன்றைக்கென்று உன் மாமியார் தன் வீட்டிலிருந்து கிளம்பி வந்தார். எட்டிப் பார்த்தார். "இன்னாடி சவேரி, பச்சப் புள்ளைய கல்லறைக்கு எடுத்துனு போற பொட்டி கணக்கா தச்சி வச்சிக்கிற!" என்றார். உண்மைதானே, மதலேன்? நம் ஊரில் குழந்தை தவறினால் வெள்ளைச் சட்டீனும் லேசும் வைத்துத்தானே பெட்டி செய்கிறார்கள். நான் எத்தனை கல்லறைக்குப் போயிருக்கிறேன்! ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

நான் அழுதேன். நீ அழவில்லை. "அத்தைக்கு வேற வேலயில்ல. நீ ஏன்க்கா பயந்து சாவுற?" என்று சொல்லி, அந்த வெள்ளையை உன் கையாலேயே கிழித்து அடுப்பில் போட்டாய். ஆதிலட்சுமி தறியில் மிஞ்சிய பச்சையும் சிவப்பும் வாங்கி வந்து, இரண்டு பேருமாக உள்ளெல்லாம் ஒட்டினோம். எனக்காகத் தன் மாமியாரையே எதிர்த்துப் பேசுகிறாளே என் தங்கை என்று அன்று உன் நெற்றியில் முத்தமிட்டேன்.

அப்போதே கப்பலில் இடம் சொல்லியாகிவிட்டதாமே! லீவு முடிந்து சைகோன் வேலைக்குத் திரும்பும்போது எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவதென்று, பிறக்கப்போகிற குழந்தைக்கும் சேர்த்து மாப்பிள்ளை இடம் கேட்டிருந்தாராமே! அதைத் தெரிந்துகொண்டேதான் என் எதிரில் உட்கார்ந்து பசை தடவினாயா? அடிப்பாவி! அந்தச் சிவப்பு நன்றாக இருக்கிறதா பச்சை நன்றாக இருக்கிறதா என்று வேறு என்னைக் கேட்டாய்.

பெண் பிறந்தாள். சம்பா கோவிலில் ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாய். தெரேஸ் என்று பெயர் வைத்தவளும் நானே. நாற்பது நாள் கழிந்து, நீ கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் ஆசீர்வாதம் மந்திரித்துக்கொண்டு வந்ததும் குழந்தையைக் கொடுத்துவிடுகிறேன் என்றாய். பால் குடிக்கிற குழந்தைக்குத் தாய் உடம்பு தேற வேண்டாமா, நானும் சரி என்றேன். சொன்ன நாள் காலையில் மேல் இழுப்பறையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டேன். முதலில் உடுத்துவதற்கென்று நம் அம்மாவின் பழம்புடவையைக் கிழித்துத் துவைத்து அதில் மடித்து வைத்திருந்தேன். உன் மாமா ஆள் தள்ளுகிற புஷ்வண்டி ஒன்றை அமர்த்தினார். இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் பெண் அழைக்கப் போகிறவர்களைப் போல ஏறி உட்கார்ந்து குருசுக்குப்பம் வந்தோம்.

கதவில் பூட்டு. உன் எதிர்வீட்டுக்காரி வந்து, "ஒனக்குத் தெரியாதா? நேத்தே கடல் பாலத்துல கப்பலுக்குப் படகு ஏறிட்டாங்களே" என்றாள். அவள் பார்த்த பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். வண்டிக்காரன் திரும்பிப் போகலாமா என்று கேட்டான். நான்தான் போ என்றேன்.

மதலேன், நீ உன் குழந்தையை வைத்துக்கொண்டதற்கு நான் உன்னைத் திட்டவில்லை. பெற்ற வயிறு. மடியில் போட்டுப் பால் கொடுத்தபிறகு மனசு வரவில்லை என்றால் எனக்குப் புரியாதா? "அக்கா, முடியலக்கா" என்று ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் ஒப்பாரி வைத்து அழுதிருப்பேன். உன்னைக் கண்டபடி ஏசியும் இருப்பேன். அப்புறம் அந்தப் பெட்டியை நானே பாலம்வரை தூக்கிக்கொண்டு வந்து உன் படகில் ஏற்றியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

இது போதாதென்று இன்னொன்றும் செய்துவிட்டுப் போயிருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படியிறங்கும்போது உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமில்லை அவருக்கு, வருத்தம்தான். "பொண்ணுன்னதும் வேணாம்னு சொல்லிட்டியாமே சவேரி. மதலேன் எங்கிட்ட அழுதுனே சொன்னா. பொண்ணுன்னா இன்னாடி, அதுவும் உசுருதானே?" என்றார்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று உன் மாமாவைப் பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டார். ஊரெல்லாம் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். "இல்லை, நான் சொல்லவில்லை" என்று உன் மாமியாரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உன்னைப் பொய்க்காரி என்று கோவில் வாசலில் நிறுத்தியதாகும். விழுங்கிக்கொண்டேன். ஏன் விழுங்கினேன் என்று வீட்டுக்கு வந்து என்னையே நொந்துகொண்டேன்.

ஊர் என்ன பேசினாலும் பேசிக்கொள்ளட்டும். பிள்ளையில்லாதவளுக்குப் பேச்சு புதிதா? உன் மாமியாரும் நினைத்துக்கொண்டு போகட்டும். உன்னைத் திரும்பி வா என்றும் நான் எழுதவில்லை. வராதே.

தெரேசுக்கு இப்போது கழுத்து நின்றிருக்கும். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளும்வரை காய்ச்சி ஆறவைத்தே ஊட்டு. உச்சியில் எண்ணெய் வைக்க மறக்காதே. ஞானத்தாய் என்ற உரிமையில் கேட்கிறேன், தினமும் தூங்கவைக்கும்போது என் பெயரால் அவள் நெற்றியில் ஒரு சிலுவை அடையாளம் போடு. மாதா அவளைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். உன்னையும்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மதலேன். அவள் வளர்ந்து, தனக்குத் தெரேஸ் என்று பெயர் வைத்தது யார் என்று ஒருநாள் உன்னைக் கேட்பாள். பெண் என்றதும் பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டாள் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. பெரியம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அக்காள்
சவேரியம்மாள்