நெய்யாறு கடலில் சேரும் இடம்

பாறசாலை
2.12.1993

அன்புள்ள சுகுமாரிக்கு,

உன் கடிதமும் போட்டோவும் கிடைத்தன. மெலிந்துவிட்டாய். அங்கே சோறு இறங்குகிறதா இல்லையா?

எங்கள் டுட்டோரியல் காலேஜுக்கு கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் நானும் உன் தம்பி சோமனும் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு நடக்கப் போகிறோம். நெய்யாறு பிறக்கிற மலைக்காட்டிலிருந்து, ஆற்றை விடாமல், பூவாரில் அது கடலில் சேரும் வரை. ஐந்து நாள். பத்து வருஷமாக இந்த ஆற்றைப் பலகையில் வரைந்து பாடம் நடத்துகிறேன். ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை. என்னிடம் படித்த பழக்கத்தில், மச்சினன் ஆன பிறகும் சோமனுக்கு நான் சார்தான். "சாறே, நான் உண்டு, எங்க வேணும்னாலும் வாறேன்" என்கிறான். பெருங்கடவிளைக்குப் போய் மாமியிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். நீ கோபப்படாதே.

உன்
விஜயதாஸ்

மஸ்கட்
13.12.1993

அன்புள்ள அத்தானுக்கு,

வார்டில் மருந்து கொடுத்து முடித்த இடைவேளையில் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் கேட்கவா போகிறீர்கள்?

சோமன் தனக்கு நீந்தத் தெரியும் என்பான். நம்பாதீர்கள். குளத்துப் படியைப் பிடித்துக்கொண்டு காலடிப்பதோடு சரி. அப்பா போன பிறகு அம்மாவுக்கு அவன்தான் எல்லாம். யார் சொல்லையும் கேட்காதவன், உங்கள் பேச்சை மட்டும் கேட்பான். அந்தத் தைரியத்தில் இருக்கிறேன். ஈரத் துணியோடு தூங்க விடாதீர்கள். வந்ததும் அன்றைக்கே எழுதுங்கள். நான் ஊருக்கு வர இன்னும் எட்டே மாதம்.

உங்கள்
சுகுமாரி

பாறசாலை
4.1.1994

சுகுமாரி,

தந்தி கிடைத்திருக்கும். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று மாமி சொன்னார்கள்.

26ஆம் தேதி காலையில் காட்டுக்குள் ஒரு ஓடையைக் கடந்தோம். மலையில் மழை பெய்திருந்தது. கையைக் கோத்துக்கொண்டுதான் இறங்கினோம். நடு ஓடையில் அவன் கை வழுக்கிவிட்டது. சாயங்காலம் வரை தேடிவிட்டு ஊருக்கு இறங்கினேன். மறுநாள் ஆட்களைக் கூட்டிப் போனேன். 28ஆம் தேதி பாறை இடுக்கில் கிடைத்தான். கொள்ளி நான்தான் வைத்தேன்.

"மக்கா, நீயாவது திரும்பி வந்தியே" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

விஜயதாஸ்

மஸ்கட்
21.1.1994

அத்தானுக்கு,

என்னோடு வேலை பார்க்கும் ஓமனக்குட்டியை உங்களுக்குத் தெரியும். நம் கல்யாணத்துக்கு வந்தவள், பூவார்க்காரி. லீவு முடிந்து நேற்று வந்தாள். சோமன் செய்தி அவளுக்குத் தெரியாது. வந்ததும் வராததுமாக, "எடீ, ஒனக்க மாப்பிளய பூவார் கடப்புறத்துல கண்டேன். தனியா நிண்ணு கடலப் பாத்துச் சிரிக்காரு. விளிச்சேன், கேக்கல்ல" என்றாள்.

என்றைக்கு என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம் என்றாள். மூன்று தடவை கேட்டேன். அதையே சொன்னாள்.

அந்த நேரம் நீங்கள் காட்டில் சோமனைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அவளுக்கு ஆள் மாறிப்போயிருக்கும் என்று எழுதிவிடுங்கள். ஒரு வரி போதும். நம்பிவிடுகிறேன்.

சுகுமாரி

பாறசாலை
9.2.1994

சுகுமாரி,

அந்த ஒரு வரியை எழுத நான்கு நாள் முயன்றேன். முடியவில்லை. அவள் பார்த்தது என்னைத்தான்.

24ஆம் தேதி நண்பகலில் ஓடைக்கரையில் சோமன் வழுக்கி விழுந்தான். கணுக்கால் வீங்கிவிட்டது. "சாறே, கால ஊண முடியேல்ல. இன்னைக்கு இங்க இருப்போம்" என்றான். இருட்டுவதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும் என்றேன் நான். பேச்சு முற்றியது. "அக்கா அங்க கெடந்து கஷ்டப்படுதா. சாறுக்கு இங்க ஆறு அளக்கணும், இல்லியா?" என்றான். எனக்குச் சுரீரென்றது. "எலே, அப்பம் நீ இங்கயே இரி. காலு நேரானா வா" என்று சொல்லிவிட்டு ஓடையைக் கடந்தேன். அப்போது முழங்காலளவு தண்ணீர்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

காட்டோரத்து ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வீம்பு. மலையில் மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் ஆரியங்கோட்டில் சாயா குடித்தேன். நொண்டி நொண்டியாவது இறங்கி பஸ் பிடித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாள் பூவாரில் கடலைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது, சுகுமாரி. அதையும் மறைக்க முடியவில்லை. அங்கிருந்து பெருங்கடவிளைக்குப் போனால், "சோமன் எங்க மக்கா?" என்று மாமி கேட்டார்கள். கை கோத்த கதை அப்போது வாயில் வந்ததுதான்.

28ஆம் தேதி தேடும்போது காட்டில் தேனெடுக்கும் ஒருவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "மூணு நாளுக்கு முந்தி, காலத்த, ஒருத்தன் 'சாறே, சாறே'ன்னு விளிச்சுக்கிட்டே கெடந்தான். காட்டாப்பீஸ்காரங்க ஆரோன்னு பயந்து ஒதுங்கிட்டேன்." நான் விட்டு வந்த மறுநாள் காலை வரை அவன் உயிரோடு இருந்திருக்கிறான். பிறகு தனியாக ஓடையில் இறங்கியிருக்கிறான்.

போலீசில் போய்ச் சொல்லட்டுமா? நீ சொன்னபடி செய்கிறேன்.

விஜயதாஸ்

மஸ்கட்
2.3.1994

விஜயதாஸ் அவர்களுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கட்டிலருகே அப்படியே நின்றேனாம். ஓமனக்குட்டி வந்து கூட்டிப் போனாள்.

போலீசுக்குப் போக வேண்டாம். உங்களுக்காகச் சொல்லவில்லை. மகன் உங்கள் கையைப் பிடித்தபடியே போனான் என்று அம்மா நம்புகிறாள். அவளுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராமல் போனான் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள்.

ஞாயிறுதோறும் நீங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறீர்களாம். மீன்கறி வைத்து, சோமனுடைய தட்டில் உங்களுக்குச் சோறு போடுகிறாளாம். "மக்கான்னு விளிக்க எனக்கு இனி அவன்தான் உண்டு" என்று எழுதியிருக்கிறாள். போகாமல் இருந்துவிடாதீர்கள். அவள் இருக்கும் வரை ஒவ்வொரு ஞாயிறும் போய் அந்தத் தட்டில் சாப்பிடுங்கள். எப்படிக் கை கோத்து இறங்கினீர்கள் என்று அவள் எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுங்கள்.

நான் இங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதன் பிறகும் பாறசாலைக்கு வர மாட்டேன். எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் பிரிக்க மாட்டேன்.

சுகுமாரி