இனிஷியல் இல்லாத படங்கள்

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமா? பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

டீச்சர் வேலையை விட்டுவிட்டு நான் படம் வரையக் கிளம்பியபோது, "வரைஞ்சு தொலை. ஆனா அப்பா இனிஷியலைப் படத்துல போட்டா நான் உனக்கு அண்ணனே இல்ல" என்றாய். நீ சொல்லி நான் கேட்ட ஒரே பேச்சு அதுதான். இனிஷியல் இல்லாத பெயர் வேறு யாருடையதோ போல இருந்ததால், பெயருக்குப் பதிலாக எல்லாப் படத்தின் மூலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.

போன மாதம் என் முதல் கண்காட்சி. வந்தார்கள், ரசித்தார்கள், போனார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. விற்றுப்போன படத்துக்குத்தான் சிவப்புப் புள்ளி ஒட்டுவார்களாம். அரங்கக்காரருக்கே நாலாம் நாள்தான் அது உறைத்தது.

அடுத்த கண்காட்சி இருபதாம் தேதி. ஒழுங்கான கையெழுத்து இல்லாமல் மாட்ட மாட்டாராம். பூனைப் பாதம் போட்டுப் பார்த்தேன். பூனை மிதித்துவிட்டதென்று துடைக்கத் துணி கொடுத்தார். அப்பா இனிஷியலோடு என் பெயரைப் போடட்டுமா?

அன்புத் தங்கை

மார்ச் 7

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. தினம் இருநூறு தாளில் கையெழுத்துப் போடுகிறவன் சொல்கிறேன். அடுத்தவன் போட முடியாததுதான் கையெழுத்து. புள்ளி யார் வேண்டுமானாலும் வைப்பான். அண்ணி ரோஜாப்பூ போடச் சொல்கிறாள், கேட்காதே. இனிஷியல் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

அப்பா இனிஷியலையும் ஆபீஸ் பைல் மாதிரி அடியில் போட்டு உட்கார்ந்துவிட்டாயா? 'வரைந்தவர் தெரியவில்லை' என்று எழுதி மாட்டிவிடுவேன் என்கிறார் அரங்கக்காரர். அவர் எதிரில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சொல்லாமல் போட மாட்டேன். நீ அண்ணன் இல்லையென்று ஆகிவிட்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

தங்கை

மார்ச் 17

அன்புள்ள குட்டிக்கு,

பரிசீலனையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்கம்தான்.

பேப்பரில் செய்தி படித்துவிட்டு உன் கண்காட்சிக்கு நான் வந்தேன், நீ சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து. ஒரு படத்தில் குண்டு ஆசாமி ஒருவன் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்குகிறான். மூக்கைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வாங்கிவிடலாம் என்றால், "அது வித்துப்போச்சு சார், புள்ளி இருக்கு பாருங்க" என்றார் வாசலில் இருந்தவர். எவன் வீட்டுச் சுவரிலோ காலம் பூராவும் தூங்கப்போகிறேனே என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனிஷியலோடு முழுப் பெயரையும் பெரிதாகப் போடு. தூங்குகிறவனை மட்டும் மாட்டாதே, வீட்டுக்கு எடுத்து வா. உன் அறையில் கிடந்த என் பைல்களை அண்ணி வெளியே தள்ளிவிட்டாள்.

அன்று நான் சொன்னது தப்பு. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

உன் அண்ணன்