பத்தொன்பதாம் தேதிக் கோடு

பரூச்,
லாப பஞ்சமிக்கு மறுநாள்

மதிப்புக்குரிய நட்வர்பாய்க்கு ஹிம்மத் வணக்கத்துடன் எழுதுவது.

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப்போடத் தோன்றியிருக்கும். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள். உள்ளே மடித்து வைத்திருக்கும் இரண்டு தாள்களை மட்டும் கிழிக்க வேண்டாம். போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள் என்று தெரியும். உங்கள் உகாண்டா விலாசத்தை உங்கள் வீட்டில் ஜோத்ஸ்னா பாபியிடம் வாங்க எனக்கு மூன்று ஞாயிறு ஆனது. மூன்றாவது ஞாயிறும் வாசலில் நிற்க வைத்துத்தான் கொடுத்தார். அதில் தப்பில்லை.

சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்க்கிறீர்களாம். இருபத்தாறு வருஷம் கன்ட்ரோல் ரூம் ஏசியில் உட்கார்ந்த உடம்புக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்கிறதா?

இங்கே நம் கெமிக்கல் பிளான்ட்டில் டிரெண்ட் சாஃப்ட்வேரை மாற்றுகிறார்கள். சூட்டையும் அழுத்தத்தையும் கோடாகப் போட்டுக் காட்டுமே, அந்தப் பழைய சனியனைத்தான். புதியதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஆபரேட்டர்கள் சார்பில் என் பெயர். எனக்கு உடனே சந்தேகம். கேன்டீனில் சமோசா பாதியாகச் சிறுத்தபோதுகூட நம்மை ஒரு வார்த்தை கேட்காதவர்கள், இதற்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள்? நாளைக்கு ஏதாவது ஆனால், உங்கள் ஆள்தானே கையெழுத்துப் போட்டான் என்று சொல்லத்தான்.

முதலில் மும்பையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வரும் வழியில் நம் ஸ்டேஷனிலேயே உப்புக்கடலை வாங்கி, அதை நமக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் திரையில் கோடெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. மேனேஜர் திரிவேதி சாஹேப் மயங்கிவிட்டார். வருகிற அளவையெல்லாம் சேர்த்து வைப்பீர்களா என்று நான் கேட்டேன். அவர்களில் ஒருவர் சிரித்தார்.

"எதுக்கு பாய்? ரெண்டு டிகிரிக்குள்ள ஆடுறதெல்லாம் சும்மா. அதைத் தள்ளிட்டு நேரா ஒரு கோடு இழுத்துடுவோம். உங்க பழசும் இத்தனை வருஷமா அப்படித்தானே செஞ்சுட்டிருக்கு."

கையில் எடுத்த கடலையைத் திரும்ப வைத்துவிட்டேன். இந்த விஷயத்தை நமக்கு யார் சொன்னார்கள், நட்வர்பாய்?

விசாரணையில் உங்கள் முன்னால் போட்டுக் காட்டினார்களே, அந்தக் கோடுதான் நினைவுக்கு வந்தது. ஆகஸ்ட் பத்தொன்பது, மூன்றாம் ரியாக்டர். நாலு பத்து வரை எண்பத்திரண்டு டிகிரியில் கயிறு கட்டினது போல் நேராகப் போகிறது. நாலு பத்துக்கு நீங்கள் குளிர்நீரை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு எடுக்கிறீர்கள். பிறகு சூடு ஏறுகிறது, சேஃப்டி வால்வு திறக்கிறது, பருத்திக் காட்டின்மேல் மஞ்சள் புகை. சூடு முன்பே ஆடிக்கொண்டிருந்தது, அதனால்தான் மேனுவலுக்கு எடுத்தேன் என்று நீங்கள் தொண்டை வறளச் சொன்னீர்கள். கோட்டில் ஆட்டமே இல்லையே என்றார்கள். உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவதாக வடோதராவிலிருந்து ஊர்வி என்று ஒரு பெண் வந்தாள். எதற்கெடுத்தாலும் தலையாட்டினாள், அவளையும் நான் நம்பவில்லை. ஆனால், தன்னிடம் இருக்கும் மாதிரிப் படத்தைக் காட்டமாட்டேன், உங்கள் பிளான்ட்டின் கணக்கையே கொடுங்கள், வரைந்து காட்டுகிறேன் என்றாள். கன்ட்ரோல் மெஷின் நொடிக்கு நொடி பதிந்த டிஸ்குகள் இன்ஸ்ட்ருமென்ட் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. விசாரணையின்போது அந்த அலமாரியைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து வா என்று திரிவேதி சாஹேப் சாவியைக் கொடுத்தார். எதை எடுத்துப் போனேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திரையில் வந்துவிட்டது, நட்வர்பாய். மூன்று நாற்பத்தேழிலிருந்து ஆட்டம். எண்பத்தொன்றுக்கும் எண்பத்திரண்டரைக்கும் நடுவே ஏறி இறங்கி, இருபத்து மூன்று நிமிஷம் ரம்பப் பல்லாக. ஒரு தடவைகூட இரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

"தண்ணி வால்வு ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. யாரு சார் அப்ப பேனல்ல இருந்தது? நல்ல கை. கரெக்டா மேனுவலுக்கு எடுத்திருக்காரு."

திரிவேதி சாஹேப் என்னைத்தான் பார்த்தார். ஆகஸ்ட் டிஸ்க் எப்படி உன் கையில் கிடைத்தது என்று கேட்டார். மேலாக இருந்தது சாஹேப் என்றேன். அடியில்தான் இருந்தது.

நேற்று லாப பஞ்சமி, நல்ல நாள் என்று ஆர்டர் போட்டார்கள். குழுவின் தாளில் மும்பைக்காரர்கள் பெயரை முன்பே டைப் அடித்து வைத்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆட்டத்தை மறைக்கிற கோடு ஆபரேட்டருக்கு வேண்டாம் என்று கீழே எழுதினேன். இனி என்னை டேங்க் யார்டுக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள். ஊர்வி திரையில் காட்டிய அன்றைக்கே அச்செடுத்துத் தந்த படம்தான் உள்ளே இருக்கும் முதல் தாள்.

இரண்டாவது, நேற்று ஆபீஸில் நான் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். அன்று விசாரணையில் என்னைக் கேட்டார்கள், பக்கத்துப் பேனலில் இருந்த உன் காதில் ஏதாவது விழுந்ததா என்று. நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரம் அது, பயந்துவிட்டேன். கோடு நேராக இருக்கிறதே, நம் காதுதான் தப்போ என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். எவனையும் நம்பாத நான் அந்தக் கோட்டை மட்டும் நம்பினேனாம். இல்லை, அதையும் நம்பவில்லை. வெட்கமாக இருக்கிறது நட்வர்பாய்.

அந்தத் தாளில் உள்ளது இவ்வளவுதான்: மூன்று ஐம்பதுக்கு நீங்கள், "ஹிம்மத், ஆடுது பாரு" என்றீர்கள். நான் எழுந்து வந்து உங்கள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "ஆமா பாய், ஆடுது" என்றேன்.

நர்மதா மாதா உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். எனக்குப் பதில் எழுத வேண்டாம், போனையும் திறந்துவிட வேண்டாம். தாள்கள் கைக்கு வந்தன என்று பாபியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் போய் வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹிம்மத் கோஹில்
பேனல் இரண்டு