இடக்கையால் வாங்கிய குவளை

டெச்சிமான்,
4 ஜூன் 1998

என் செல்ல மகள் செர்வாவுக்கு,

அப்பா சுகம், முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. சந்தைப் பெண்களின் தலைவியாய் வாழ்ந்து போன உன் அம்மா டுஃபியின் கதையை நீ ஒருத்தியே நம் ஊர் மேடையில் நடிக்கப்போகிறாய் என்று சந்தை முழுக்கப் பேச்சு. கிழங்கு விற்கிறவள்கூட, "தலைவி புருஷரே, முன்வரிசை உங்களுக்குத்தானே?" என்று சீண்டுகிறாள்.

ஒரே ஒரு குறை. தேர்தலில் நின்றபோது நம் ஊர் அரசர் தந்த கள்ளுக் குவளையை அவள் இடக்கையால் வாங்கினாளே, அந்தத் திமிருக்குத்தான் தோற்கடித்தோம் என்று இன்றும் ஏசுகிறார்கள். போலீஸ் அடித்து வலக்கை ஒடிந்திருந்தது என்று காட்டிவிடு. சனம் அழும்.

அன்புடன்,
அப்பா


அக்ரா,
11 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

போலீஸ் அம்மாவைத் தொட்டதே இல்லை. ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிக்கிற உலக்கை உங்கள் கையில்தான் இருந்தது. "பொட்டச்சிக்கு மேடை கேக்குதா?" என்றீர்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். மறுநாள் ஒடிந்த கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு அம்மா அரசர் முன்னால் போனாள். அதைத்தான் நடிக்கப்போகிறேன்.

உங்கள் மகள்,
செர்வா


டெச்சிமான்,
17 ஜூன்

செர்வா,

ஆத்திரத்தில் ஒருநாள் கை நீண்டுவிட்டது. செத்துப்போனவளே வாய் திறக்கவில்லை, உனக்கென்ன வந்தது? சபையில் நான் மூப்பன். இந்த வயதில் என்னை நடுத்தெருவில் நிறுத்தாதே, தாயே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா


டெச்சிமான்,
29 ஜூன்

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். மனசு கேட்காமல் உலக்கைக் காட்சியை எடுத்துவிட்டேன். நேற்று நம் ஊர் மண்டபத்தில் நாடகம். நீங்கள் வரவில்லை.

நான் குவளையை இடக்கையால் வாங்கியதும் ஒரே கூச்சல். "ராசாவுக்கே இடக்கையா? இறங்குடி கீழே!" அப்போது மீன் விற்கும் அபெனா அத்தை எழுந்தாள்.

"வாயை மூடுங்கடா! புருஷன் ஒடிச்ச கைடா அது! அந்தாளுக்குத் தலைகுனிவு வரக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டா பாவி மக. இத்தனை வருசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு அவனுக்கு வணக்கம் வைக்கிறோம்!"

சந்தைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். ஐயோ அப்பா, அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! உங்களைக் காப்பாற்ற அம்மா தேர்தலையே இழந்திருக்கிறாள். நானும் மேடையிலேயே சொல்லிவிட்டேன், "ஆமாம், நான் பார்த்தேன்" என்று.

இனி எல்லா ஊரிலும் அந்த உலக்கைக் காட்சி இருக்கும். இன்று காலை பெட்டியோடு நம் வீட்டு வாசல்வரை வந்தேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. அக்ரா பஸ் ஏறுகிறேன்.

டுஃபியின் மகள்,
செர்வா