இரண்டு பேருக்கும் ஒரே குரல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நீதிமன்றத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தேன். இப்படித்தான் எழுத வருகிறது. மொழிபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. சாட்சி "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.

பள்ளி வேனில் தூங்கிப்போன ஆறு வயதுப் பையன். டிரைவர் பின்சீட்டைப் பார்க்காமல் வெயிலில் வேனைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம்தான் திறந்தார்கள். பையனின் அம்மாவுக்கும் டிரைவருக்கும் நம் மொழி மட்டும்தான் தெரியும். நீதிபதிக்கு அது தெரியாது. நடுவில் நான்.

"வண்டியில ஏறினா தூங்கிடுவான், எழுப்பி இறக்குங்கன்னு தினமும் சொல்வேன்" என்றாள் அந்த அம்மா. அதைத் திருப்பிச் சொன்னபோது என் குரல் உடையவில்லை. பல வருடப் பழக்கம். 

மார்ச் 4, புதன்

காலையில் இவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார், ராத்திரி தூக்கத்தில் நான் பேசினேனாம். என்ன பேசினேன் என்றேன். சொல்லத் தயங்கினார்.

"'எழுப்பி இறக்குங்க, எழுப்பி இறக்குங்க'ன்னு சொல்லிட்டே இருந்தே."

பேசியது யார்? நானா, அவளா?

மார்ச் 6, வெள்ளி

கார் நிறுத்துமிடத்தைக் கடக்க முடியவில்லை. ஒவ்வொரு காரின் பின்சீட்டையும் குனிந்து பார்க்கிறேன். ஒன்றில் குழந்தையின் ஸ்வெட்டர் சுருண்டு கிடந்தது. கண்ணாடியைத் தட்டினேன், பலமாக. காரின் சொந்தக்காரர் ஓடி வந்து, என்ன வேண்டும் என்றார். என்னவென்று சொல்வது?

மார்ச் 8, ஞாயிறு

எப்போதோ விட்டுப்போன பழக்கம் திரும்பி வந்திருக்கிறது. துணி மடிக்கும் அறையில் ஜன்னலோரமாகக் கண்ணை மூடி உட்கார்கிறேன். பெரிய பிரார்த்தனை ஒன்றும் இல்லை. "கூட இரு." அவ்வளவுதான்.

இவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாத எதையும் நம்பமாட்டார். "லைன் கிடைச்சுதா?" என்றார். சிரித்துவைத்தேன்.

கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் வேன்தான் வருகிறது. அதைத் துரத்தத்தான் உட்கார்கிறேன். உட்கார்ந்ததும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

மார்ச் 11, புதன்

அவமானம்.

அந்த அம்மாவிடம் குறுக்கு விசாரணை. டிரைவரின் வழக்கறிஞர் தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார், அலுவலகத்தில் எங்களுக்கு அவர் செருமல்காரர். நடுவில் எழுந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கண்ணை மூடி உதட்டை அசைக்கிறார், இது கும்பிடுகிற இடமா என்றார். அழுகிற தாய்க்காக வேண்டிக்கொண்டிருப்பவர் என் கட்சிக்காரருக்கு மட்டும் எப்படி நேர்மையாகப் பேசுவார் என்றார்.

மொத்த அறையும் என்னைப் பார்த்தது. உண்மையா என்று நீதிபதி கேட்டார். உண்மைதான் என்றேன். ஆனால் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்றேன். இனிமேல் அதை வெளியே முடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். குரலில் கடுமையே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

முடிந்ததும் மேலதிகாரி கூப்பிட்டார். வேண்டாமென்றால் சொல்லுங்கள், இந்த வழக்குக்கு வேறு ஆள் போடுகிறேன் என்றார். யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

செருமல்காரர் சொன்னதில் பாதி சரிதானே? யாருக்காக வேண்டினேன்? அவளுக்காக. பையனுக்காக. கூண்டில் நிற்கிற மனிதருக்காக ஒரு தடவையாவது?

மார்ச் 12, வியாழன்

வழக்கை விடவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிடும்போது சொல்லியிருக்கக் கூடாது. டிரைவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன் என்றேன். இவர் தட்டைத் தள்ளி வைத்தார். வழக்கமான கேலி இல்லை.

"அந்தப் பையன் கண்ணாடியத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருப்பான். அப்ப எங்க போயிருந்தாரு உன் ஆளு?"

 கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. நான் தூக்கத்தில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடப்பவர் இவர்தானே. அந்த வேன் பிடித்திருப்பது என்னை மட்டுமா? இந்த வீட்டையே பிடித்திருக்கிறது.

எங்க போயிருந்தே? நானும்தான் கேக்கறேன். சொல்லேன். வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்.

மார்ச் 19, வியாழன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

காலையில் துணி அறையில் உட்கார்ந்தேன். வேன் வந்தது. துரத்தவில்லை, தெம்பில்லை. கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். அனல். சூடேறிய ரெக்சின் வாசனை. கடைசி சீட்டில் அவன். பக்கத்தில் உட்காரலாமென்று போனேன். அந்த இடம் காலியாக இல்லை.

முகம் இல்லை. உருவம்கூட இல்லை. ஆனால் காலியாக இல்லை. எனக்கு முன்னாலேயே, வெகுநேரமாக, அங்கே யாரோ இருந்தார்.

கற்பனைதான் என்பார்கள். இருக்கட்டும். அவனை ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கு இதில் பதில் இல்லை, அதுவும் தெரிகிறது. அழுது தீர்த்தேன். பிறகு எழுந்து துணியை மடித்தேன்.

வேலை முடிந்து வந்ததும் இவரிடம் சொன்னேன். 

"எனக்கு நம்ப வரல. ஆனா அப்படி இருந்திருந்தா நல்லாருக்கும்."

மார்ச் 21, சனி

தூக்கத்தில் இன்னும் பேசுகிறேனாம். முன்பு போல் கத்துவதில்லையாம்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று டிரைவரின் முறை. நீதிமன்றப் படிக்கட்டிலேயே வேண்டிக்கொண்டு உள்ளே போனேன். செருமல்காரர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

அந்த மனிதர் தலை நிமிரவில்லை. "தினமும் பாப்பேன். அன்னிக்கும் பாத்துட்டேன்னுதான் நினைச்சேன். பாக்கல" என்றார்.

"நான் பார்க்கவில்லை" என்று என் வாயால், என் குரலில் சொன்னேன். முன்வரிசையில் அந்த அம்மா. குரல் நடுங்கவில்லை. வெறுப்பு வரும் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. கூண்டிலும் அவர் தனியாக நிற்கவில்லை என்று தோன்றியது. இதை எந்தச் சபையில் சொன்னாலும் கல்லால் அடிப்பார்கள். இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

தீர்ப்பு. சிறை. யார் முகத்திலும் ஜெயித்த களை இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மா. வழக்கு முடிந்துவிட்டது, பேசத் தடையில்லை. ஆனாலும் என்ன பேசுவது என்று வேறு பக்கம் பார்த்தேன். அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் காய்கறிப் பை.

"அன்னிக்கு எல்லாரும் உங்களையே பாத்தாங்களே, எதுக்குங்க?"

சொன்னேன். அவளுக்காக வேண்டிக்கொண்டிருந்ததை. வேனுக்குள் ஏறியதையும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அது எனக்குக் கிடைத்தது. அவள் கையில் திணிக்க எனக்கென்ன உரிமை?

தக்காளி நசுங்காமல் பையைச் சரிசெய்து வைத்தாள்.

"எனக்கு இப்பல்லாம் வரமாட்டேங்குதுங்க. கண்ண மூடினா கோவம்தான் வருது." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். "நீங்க விட்றாதீங்க. எனக்கும் சேத்து வேண்டிக்குங்க."

சரி என்றேன்.  அவளுடைய பேருந்து முதலில் வந்தது.