வெள்ளிக்கிழமைச் சட்டைப்பையில் இருந்த சோகி

காத்தான்குடி
13.06.2009

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆக் கேட்கிறோம். இதைத் தபாலில் போட்டால் பலர் படித்த பிறகுதான் உங்களுக்கு வரும். அதனால் லோயரோடு வரும் தம்பி பஹ்மியின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாமிக்கு முழங்கால் வலி குறையவில்லை. பஸ்னா புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். யுத்தம் முடிந்ததென்று போன மாதம் பட்டாசு கொளுத்தினார்கள். "அப்ப வாப்பாவ விட்டுருவாங்களா உம்மா?" என்று கேட்டாள். அது வேறு, வாப்பாவின் வழக்கு வேறு என்று சொன்னேன். விளங்கினாளோ தெரியாது.

லோயர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். தோணி எஞ்சின் வாங்க வந்த வாழைச்சேனை முதலாளி என்று நாம் நம்பி, மூன்று தரம் என் கையால் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்த அந்த ஆள் பொலிஸ்காரர் அல்லவா? வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, நம் எஞ்சின் திருத்தும் கடைக்குள் வைத்து, உங்கள் கையால் போதைத்தூள் பக்கட் வாங்கியதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பிடித்தபோது, திருத்த வந்த எஞ்சின் மூடிக்குள் மற்றப் பக்கட்டுகள் கிடந்தன. யாரோ வைத்தது, எனக்குத் தெரியாது என்றீர்கள். பன்னிரண்டே முக்காலுக்கு ஜும்ஆத் தொழுகையில் இருந்தேன் என்றும் கூண்டில் நின்று சொன்னீர்கள். பள்ளிவாசலிலிருந்து ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. அதைப் பொய் என்று எடுத்ததால்தான் நீதிபதி மற்றதையும் நம்பாமல் ஆயுள் தண்டனை கொடுத்தார். மேன்முறையீடு முழுக்க அந்த நேரத்தில்தான் நிற்கிறதாம். அப்போது உங்களை வேறு இடத்தில் கண்ட ஒரு ஆளைத் தேடுங்கள் என்கிறார் லோயர்.

நான் பள்ளி நம்பிக்கையாளர் அப்துல் மஜீத் ஹாஜியாரிடம் போனேன். "மகள், உனக்காக என்னவும் செய்வன். அல்லாஹ்ட பேரால பொய்ச் சத்தியம் மட்டும் பண்ண ஏலா. அண்டைக்குப் பாறூக்க நான் பள்ளியில காணல்ல. அதுக்கு முந்தியும் கனநாளாக் காணல்ல" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் நான் மினுக்கித் தந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, அத்தரும் பூசிக்கொண்டு போன மனிதர் எங்கே போனார்? பொலிஸ்காரர் சொன்னது உண்மைதானோ என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துவிட்டேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிடிபட்ட அன்று நீங்கள் போட்டிருந்த சட்டையைச் சிறையில் மாற்றிக் கொடுத்தபோது பஹ்மிதான் கொண்டு வந்தான். பார்க்க மனமில்லாமல் அலுமாரிக்குள் அப்படியே வைத்திருந்தேன். அன்று அதை எடுத்து உதறினேன். பையிலிருந்து கடற்கரைச் சிப்பி ஒன்று, ஒரு சோகி, விழுந்தது. நம் மூத்த மகள் ஹஸீனா விளையாடச் சேர்த்து வைப்பாளே, அந்த மாதிரிச் சின்னச் சோகி. அதற்கு முன்னும் உங்கள் சட்டை தோய்க்கும்போது இப்படி எத்தனையோ சோகி எடுத்து எறிந்திருக்கிறேன். பஸ்னாவுக்காகப் பொறுக்கியது என்று நினைத்தேன்.

அந்தச் சோகியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரையம்பதிக் கடற்கரைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பகலில் நம் ஆட்கள் எல்லாரும் பள்ளியில். கரையில் நிற்பது கோணாமலை அண்ணனின் கரைவலைக்காரர் மட்டும்தானே. அவரிடம் கேட்டேன். "ஓம் தங்கச்சி, வெள்ளிக்கிழமையில பாறூக் காக்கா எங்கட வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்திலதான் குந்தியிருப்பார். ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார். பொலிஸ் பிடிச்ச அண்டைக்கும் பள்ளியில பாங்கு சொன்னதில இருந்து பகல் வலை இழுத்து முடியுமட்டும் இருந்தவர். படுவான்கரையில இருந்து எங்கட ஆக்கள் ஷெல்லுக்குத் தப்பி வந்து சேந்த நாள் அது, எனக்கு மறக்காது" என்றார். இரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "காக்கா தொழுகைக்குப் போறல்ல எண்டு நான் உங்கட ஊருக்குள்ள வந்து சொல்லலாமா? அவர்ர மரியாதை என்னாகும்?" என்று கேட்டார்.

உங்கள் மரியாதையை அவர் காப்பாற்றினார், நீங்களும் காப்பாற்றினீர்கள். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

கோணாமலை அண்ணன் சத்தியக்கடதாசியில் ஒப்பமிட ஓம் என்றுவிட்டார். இந்த நேரத்தில் புதுச் சாட்சியை எடுப்பது கஷ்டம், முதலில் சொன்னதை மாற்றுவது அதைவிடக் கஷ்டம் என்கிறார் லோயர். இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாமாம். ஆனால் நீங்கள் வாய் திறக்காவிட்டால் அண்ணனின் ஒப்பத்தால் ஒரு பயனும் இல்லை. லோயரிடம் உள்ளதைச் சொல்லுங்கள் மச்சான். ஏன் அங்கே போய் இருந்தீர்கள் என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள். ஊர் பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஜும்ஆவை விட்டதற்கு அல்லாஹ்விடம் தௌபாக் கேட்கலாம். அதற்கு ஆயுள் தண்டனை இல்லை.

இன்னொன்று. சுனாமியில் கடல் வந்த அன்று காலை, கரையில் நின்ற தோணிக்காரரிடம் ஸ்பானரை வாங்கி வரச் சொல்லி ஹஸீனாவை அனுப்பியது நீங்கள் என்று, அகதி முகாமில் அத்தனை பேருக்கு முன்னால் நான் சொன்னேன். கடல் கொல்லவில்லை, நீங்கள்தான் கொன்றீர்கள் என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொன்னதே இல்லை. அடக்க மையித்தும் கிடைக்காத பிள்ளைக்கு, போய் இருக்க அந்தக் கரையைத் தவிர வேறு இடம் ஏது? என்னிடம் சொல்லிவிட்டுப் போகக்கூட நான் உங்களுக்கு வழி வைக்கவில்லை. அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கிறேன். என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. பஸ்னாவைக் கூட்டிக்கொண்டு ஜும்ஆ நேரம் அந்த வாடிப் பக்கம் போய் இருந்தேன். நீங்கள் வரும்வரை நான் போவேன். ஹஸீனா கரையில் தனியே இருக்கிறாள் என்று அங்கே கிடந்து கவலைப்படாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் நாவின் முடிச்சை அவிழ்த்து, உங்களை எங்களிடம் கொண்டு வந்து சேர்ப்பானாக. ஆமீன்.

உங்கள்
நஸீறா